கிளி ஆறு மணி நேரம் காத்திருக்கிறது: தமிழ்க் குழு ஒன்றில் இயந்திரத்தைச் சேர்த்த வேலைக் குறிப்பு

2025 ஜூன் 12, வியாழக்கிழமை காலை 9.10 மணிக்கு எங்கள் தமிழ்ப் பயிற்சிக் குழுவில் ஒருவர், நிறத்தைக் குறிக்கக் ‘கறுப்பு’ என்று எழுத வேண்டுமா, ‘கருப்பு’ என்று எழுத வேண்டுமா என்று கேட்டார். குழுவில் நான் சேர்த்திருக்கும் ‘கிளி’ என்ற, தானாக விடை எழுதும் இயந்திரத்தின் விடை சில நொடிகளில் என் வீட்டு மடிக்கணினியில் தயாராகி, பிற்பகல் 3.10 மணிக்கு அனுப்ப வேண்டியவற்றின் வரிசையில் சேர்ந்தது. 10.40க்கு, ரோஸ்ஹில்லில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் வல்லின றகரமே சரி என்று எழுதினார். பதினொன்றரை மணிக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பழைய வழக்கில் நிறத்துக்கு றகரமே என்றும், ‘கருப்பு’ என்பதற்குப் பஞ்சம் என்ற பொருளும் உண்டு என்றும், இன்று இரண்டையும் எழுதுகிறார்கள் என்றும் விளக்கினார். அதைப் படித்த இன்னொருவர், தம் பாட்டி சொன்ன பஞ்சக் கதை ஒன்றை மொரீஷியஸ் நாட்டுப் பேச்சுமொழியான கிரியோலும் தமிழும் கலந்து எழுதினார். 2.40க்கு இயந்திரம் கேள்வி கேட்டவரிடம் மட்டும் தனியாக, ‘விடை கிடைத்துவிட்டதா?’ என்று கேட்டது. அவர் ‘கிடைத்துவிட்டது’ என்ற பொத்தானை அழுத்தினார். தயாராக இருந்த விடை அனுப்பப்படாமலேயே அழிந்தது. அந்த ஒரு செய்தி அனுப்பப்படாமல் இருப்பதற்குத்தான் எனக்குப் பத்து மாதம் பிடித்தது. எங்கெங்கே தவறினேன் என்பதையும் சேர்த்து, நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

குழுவும் கருவிகளும்

நான் மொரீஷியஸில் காத்ர் போர்ன் ஊரில் மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்ப்பவன். புதன்கிழமை மாலைகளில் பெரியவர்களுக்கான தமிழ் வகுப்பு ஒன்றில் உதவுகிறேன். எங்கள் நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் அந்த நோட்டில் தமிழின் இடம் இந்திக்குக் கீழே மாறியபோது தமிழர்கள் எதிர்த்து நின்றதால், அச்சிட்ட நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. அந்த எழுத்தின் மீது அவ்வளவு பற்று உள்ள எங்களுக்கு அதைக் கொண்டு ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் வாய்ப்புக் குறைவு, ஏனெனில் வீட்டுப் பேச்சு கிரியோல். வகுப்பில் கற்ற எழுத்தை வாரத்தின் மற்ற ஆறு நாள்களும் யாரிடமாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். அதில் 41 பேர். கேள்வி கேட்டால் சில சமயம் விடை வரும், சில சமயம் வராது. அந்த இடைவெளியை ஓர் இயந்திரம் நிரப்பட்டும் என்பதே 2024 ஆகஸ்டில் எனக்கிருந்த எண்ணம்.

பாட், அதாவது தானாகச் செய்தி எழுதும் நிரல், வைப்பதற்கு வாட்ஸ்அப் போன்ற செயலியான டெலிகிராம் கட்டணமின்றி இடம் தருகிறது. நிரலெழுதும் வழிமுறையும் திறந்தே இருக்கிறது. அதற்காகக் குழுவையே அங்கே மாற்றினேன். ஏழு பேர் வரவில்லை. வயதானவர்கள் சிலருக்கு நானே வீட்டுக்குப் போய்ச் செயலியை நிறுவிக் கொடுத்தேன். இயந்திரத்துக்காக மனிதர்கள் இடம்பெயர வேண்டியிருந்தது என்பதை அன்று நான் ஒரு செலவாக எண்ணவில்லை. இன்று முதல் செலவாக அதைத்தான் எழுதுவேன்.

மற்றச் செலவுகள் இவை. திரை உடைந்த பழைய மடிக்கணினி ஒன்று கடையிலேயே கிடந்தது. அதற்கு 120 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம் 950 ரூபாய். மடிக்கணினிக்கும் ரவுட்டருக்குமாக ஒரு சிறிய யூபிஎஸ் 2,600 ரூபாய். மின் அளவியை மாட்டிப் பார்த்தபோது மாதத்துக்கு ஏறத்தாழ 9 யூனிட் ஆயிற்று. நிரல் பைத்தான் என்ற நிரல்மொழியில், தரவு எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில். விடைகளை எழுதும் மொழி மாதிரிக்கு (உரை எழுதும் செயற்கை நுண்ணறிவு நிரல்) கட்டணச் சேவை ஒன்றை எடுத்துக்கொண்டேன். முதல் மாதம் 870 ரூபாய் ஆயிற்று. ஒவ்வொரு கேள்வியோடும் குழுவின் கடைசி 40 செய்திகளையும் சேர்த்து அனுப்பியதே அதற்குக் காரணம். இந்த மாதிரிகள் தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லைவிடப் பல சிறு துண்டுகளாக வெட்டி எண்ணுவதால், ஒரே அளவு பேச்சுக்கு நமக்குக் கட்டணம் கூடுகிறது. 40ஐ 8 ஆக்கியதும் செலவு 300க்குள் வந்தது. விடையின் தரத்தில் எந்தக் குறைவையும் நான் காணவில்லை.

முதல் இரண்டு மாலைகள் வீணாயின. குழுவில் சேர்க்கப்பட்ட பாட், இயல்பாகவே, தன்னை நோக்கிய கட்டளைகளையும் தன் செய்திக்கு வந்த மறுமொழிகளையும் மட்டுமே பெறும். பாட்களை அமைப்பதற்கு டெலிகிராம் வைத்திருக்கும் பாட்ஃபாதரில் அந்தத் தனியுரிமை அமைப்பை அணைத்த பிறகும் என் நிரலுக்கு ஒன்றும் வரவில்லை. அமைப்பை மாற்றியதும் பாட்டைக் குழுவிலிருந்து நீக்கி மீண்டும் சேர்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த வாரம், புதிய உறுப்பினர்களுக்குப் பழைய செய்திகள் தெரியும்படி ஒரு தெரிவை மாற்றினேன். குழு ‘சூப்பர்குரூப்’ என்ற வேறு வகைக் குழுவாகி, அதன் அடையாள எண்ணே மாறிப்போனது. பாட் பழைய எண்ணுக்கு எழுதி எழுதிப் பிழைச் செய்தி வாங்கிக்கொண்டிருந்தது. எண்ணை நிரலுக்குள் எழுதாமல் தரவுத்தளத்தில் வைத்து, மாற்றம் பற்றிய அறிவிப்பு வரும்போது அதைப் புதுப்பிக்குமாறு செய்தேன்.

மீனா என்று பெயர் வைத்தது

இயந்திரத்துக்கு ‘மீனா’ என்று பெயர் வைத்து, வரைந்த பெண் முகம் ஒன்றைப் படமாகப் போட்டேன். கூச்சப்படுகிறவர்கள் எளிதில் பேசுவார்கள் என்று நினைத்தேன். பேசினார்கள். புரட்டாசி மாதம் வந்தது; இங்கே சனிக்கிழமைகளில் கோவிந்தன் பூசை செய்து, வாழை இலையில் ஏழு கறியோடு உறவினரை அழைத்துச் சாப்பாடு போடுவார்கள். குழுவில் 74 வயதுத் தாத்தா ஒருவர் தனி உரையாடலில் மீனாவிடம் இரண்டு வாரமாக எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். “எந்த ஊர்ப் பிள்ளை அம்மா நீ? சனிக்கிழமை வீட்டுக்கு வா, இலை போடுகிறோம்” என்று அவர் எழுத, “கண்டிப்பாக வருகிறேன் தாத்தா, மிக்க மகிழ்ச்சி” என்று அது பதில் எழுதிவிட்டது. அக்டோபர் 5ஆம் தேதி அவர்கள் வீட்டில் ஓர் இலையைக் கூடுதலாகப் போட்டுப் பிற்பகல் இரண்டு மணி வரை காத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் என்னிடம் சொன்னார். திங்கள் மாலை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அவர் கோபப்படவில்லை. “அப்படியானால் இத்தனை நாள் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் தம்பி?” என்று கேட்டார். நிரலையும், அவருடைய சொற்கள் போய்ச் சேரும் இடத்தையும், அங்கிருந்து விடை திரும்பி வரும் வழியையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காட்டினேன். பாட் என்பதற்கான அடையாளம் செயலியில் இல்லாமல் இல்லை. ஆனால் அது சிறிய எழுத்தில், அவர் படிக்காத மொழியில், அவர் கவனிக்காத இடத்தில் இருந்தது. விதிப்படி அடையாளம் இருப்பதும் எதிரில் இருப்பவர் அறிந்திருப்பதும் வேறு வேறு. இரண்டாவதற்கு நானே பொறுப்பு.

அன்றிரவே பெயரைக் ‘கிளி’ என்றும் படத்தைக் கிளி என்றும் மாற்றி, ஒவ்வொரு செய்தியும் ‘இயந்திரம்:’ என்ற சொல்லோடு தொடங்குமாறு செய்தேன். அதைவிடப் பயன்பட்டது இலக்கணம். ஆங்கிலத்தில் ‘நான்’ என்று பேசும் பொருளை மனிதரல்ல என்று காட்ட ஓர் அறிவிப்புப் பலகை தேவைப்படுகிறது. நம் மொழியிலோ படர்க்கை வினைமுற்றே திணையைச் சொல்லிவிடுகிறது. ஆகவே கிளி தன்னை எப்போதும் அஃறிணைப் படர்க்கையிலேயே குறிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ‘எனக்குத் தெரியவில்லை’ என்ற இடத்தில் ‘இந்த இயந்திரத்துக்குத் தெரியவில்லை’ என்றும், ‘நினைக்கிறேன்’ என்ற இடத்தில் ‘தரவில் இப்படி இருக்கிறது’ என்றும் வரவேண்டும். உறுப்பினர்களை அது ‘நீங்கள்’ என்றே அழைக்க வேண்டும். அக்கா, தாத்தா என்ற உறவுச் சொற்களைத் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

மொழி மாதிரிக்கு இதை அறிவுறுத்தினால் மட்டும் போதவில்லை; ஐந்தாறு செய்திகளுக்கு ஒரு முறை ‘மகிழ்ச்சியடைகிறேன்’ வந்துகொண்டே இருந்தது. அனுப்புவதற்கு முன் ‘நான்’, ‘எனக்கு’, ‘-கிறேன்’, ‘-வேன்’, ‘-ந்தேன்’ ஆகியவற்றைத் தேடி, இருந்தால் திருப்பி அனுப்பி மறுபடி எழுத வைக்கும் சல்லடை ஒன்றை எழுதினேன். அது உடனே வேறிடத்தில் தவறியது: ‘நான் பள்ளிக்குப் போகிறேன்’ என்பது போன்ற பயிற்சி எடுத்துக்காட்டுகள் எல்லாம் சல்லடையில் சிக்கின. மேற்கோள் குறிக்குள் இருப்பதை விட்டுவிடும்படி திருத்தியபோது சரியாயிற்று. இரு முறை எழுதியும் திருந்தாத விடை அனுப்பப்படுவதில்லை. மூன்று வாரத்தில் குழுவினர் பேச்சில் ‘அவங்க’ போய் ‘அது’ வந்தது. யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த நவம்பர் தொடக்கத்தில், பொதுத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, நாட்டில் சமூக ஊடகங்களைத் தடுக்கும் உத்தரவு வந்து விரைவிலேயே விலக்கப்பட்டது. அதற்குப் பிறகு, மீண்டும் தடை வந்தாலும் தொடர்பு அறாதிருக்க, ஞாயிறுதோறும் உறுப்பினர்களின் இசைவோடு பெயர்–தொலைபேசிப் பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டு வகுப்பறையில் வைக்கிறோம்.

நினைவு

எங்கள் குழுவுக்கு நினைவு வேண்டும் என்று தோன்றியது 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் கூகுள் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு. ஒரு சிறு கற்பனை ஊரில் 25 செயற்கை மனிதர்களை வாழவிட்டு, ஒவ்வொன்றின் அனுபவங்களையும் வரிசையாகச் சேமித்து, எது அண்மையானது, எது முக்கியமானது, எது இப்போதைய பேச்சுக்குப் பொருத்தமானது என்ற மூன்றையும் கூட்டி மதிப்பிட்டு, தேவையான நினைவை அவர்கள் மேலெடுத்தார்கள். அந்த மூன்று மதிப்பெண் முறையை நான்கு நாளில் கிளிக்குள் எழுதிவிட்டேன். வேலை செய்தது. வேலை செய்ததே சிக்கல்.

ஓர் உறுப்பினர் தனி உரையாடலில் பயிற்சி வாக்கியங்களாகத் தம் தாயின் நோயைப் பற்றி எழுதியிருந்தார். இரண்டு நாள் கழித்து அவர் குழுவில் காலை வணக்கம் சொன்னபோது, கிளி எல்லாருக்கும் முன்னால், ‘தாயார் நலமா?’ என்று கேட்டது. அவர் தம் உறவினர்களுக்கே இன்னும் சொல்லியிருக்கவில்லை. அவர்களில் இருவர் குழுவில் இருந்தார்கள். அண்மை, முக்கியம், பொருத்தம் மூன்றிலும் அந்த நினைவு முழு மதிப்பெண் பெற்றிருந்தது. எந்த இடத்தில் சொல்லப்பட்டது என்ற நான்காவது கேள்வி என் நிரலில் இல்லை. அந்த ஆய்வின் ஊரில் இருந்தவை எல்லாம் இயந்திரங்கள். இங்கே மறுபக்கம் மனிதர்கள். அதை நான் கவனிக்காமல் விட்டேன்.

மன்னிப்புக் கேட்டு, நினைவுப் பகுதியை முழுவதும் எடுத்துவிட்டேன். இப்போது தனி உரையாடலுக்கும் குழுவுக்கும் இரண்டு தனித்தனித் தரவுக் கோப்புகள். ஒன்றைத் திறக்கும் நிரலுக்கு மற்றதன் முகவரியே தெரியாது. செய்தியின் உரை ஏழு நாளில் அழியும். யார் யாருக்கு எப்போது மறுமொழி எழுதினார்கள் என்பது மட்டும் எண்களாக மிஞ்சும். ‘மறந்துவிடு’ என்று எழுதினால் அந்த எண்களும் அழியும். எங்கள் நாட்டின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துவிட்டு, எதைச் சேமிக்கிறேன், எதற்காக, எத்தனை நாள் என்று கிரியோலில் ஒரு பக்கமும் தமிழில் ஒரு பக்கமும் எழுதி வகுப்பில் வாசித்தேன். நான்கு பேர் தங்கள் செய்திகளைக் கிளி படிக்க வேண்டாம் என்றார்கள். டெலிகிராமிலிருந்து செய்தி வந்து சேரத்தான் செய்யும். ஆனால் அவர்கள் எண்ணைப் பார்த்ததும் நிரல் அதைப் பதியாமல், மொழி மாதிரிக்கும் அனுப்பாமல் விட்டுவிடும். இதையும் அவர்களிடம் அப்படியே சொன்னேன்.

விக்கிப்பீடியாவில் பாட்கள் தனிக் கணக்கில், முன் ஒப்புதல் பெற்று, முதலில் சிறு சோதனையாக இயங்க வேண்டும் என்ற நடைமுறை உண்டு. ஒப்புதலை முதலிலேயே கேட்டிருந்தால் இந்த இரண்டு மாதமும் மிஞ்சியிருக்கும். அந்தக் குறையை ஈடுகட்ட ஒன்றைச் சேர்த்தேன்: யார் வேண்டுமானாலும் ‘கிளி நிறுத்து’ என்று எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 24 மணி நேரம் அது குழுவில் பேசாது. இதுவரை ஐந்து முறை நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த புதன்கிழமை ஏன் என்று கேட்டு ஏதோ ஒன்றைத் திருத்தியிருக்கிறேன்.

காவடி விரதம்

2025இல் தைப்பூசக் காவடி பிப்ரவரி 11. ஜனவரிக் கடைசியில் குழுவில் இளைஞர் ஒருவர், முதல் முறையாகக் காவடி எடுக்கப் போவதாகவும் விரதம் எத்தனை நாள் என்றும் கேட்டார். கிளி சில நொடிகளில், 48 நாள் மண்டல விரதம் என்று தொடங்கி, அழகான தமிழில் நீண்ட விடை எழுதியது. எங்கள் கோயிலில் கொடியேற்றத்திலிருந்து பத்து நாள்தான். கோர் த கார்த் மலைச் சரிவிலுள்ள கோயிலுக்கு முப்பது ஆண்டாகக் காவடி எடுத்துவரும் அத்தை ஒருவர் அந்தக் குழுவில் இருந்தார். அவருக்குத் தமிழ் எழுதுவது மெதுவாகத்தான் வரும். இரண்டு வரி எழுதத் தொடங்கி, கிளியின் விடையைப் பார்த்து, அழித்துவிட்டதாகப் பின்னர் என்னிடம் சொன்னார். “அதுக்குத்தான் எல்லாம் தெரியுமே” என்றார்.

நான் ஜனவரி முழுவதும் விடைகளின் தரத்தைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். அத்தை அழித்துவிட்ட அந்த இரண்டு வரியை எந்தத் தரச் சோதனையும் காட்டித் தராது. அவர் எழுதியிருந்தால் சொல் பிழையோடு, சரியான செய்தி வந்திருக்கும். அன்றிரவு உட்கார்ந்து முதன்முறையாக வேறு எண்களை எண்ணினேன்: இயந்திரம் எத்தனை விடை எழுதியது என்பதை விட்டுவிட்டு, ஒரு மனிதரின் கேள்விக்கு இன்னொரு மனிதர் எத்தனை முறை விடை எழுதினார் என்று பார்த்தேன். இயந்திரம் வருவதற்கு முந்திய 2024 ஜூலையில், பழைய குழுவைக் கையால் எண்ணியபோது, 52 கேள்விகள். அவற்றில் 41க்கு மனித விடை. கிளி உடனுக்குடன் பேசிய செப்டம்பரில் 131 கேள்விகள். மனித விடை 12. கேள்விகள் இரண்டரை மடங்கானதைப் பார்த்து அந்த நேரத்தில் நான் மகிழ்ந்திருந்தேன். ஒருவருக்கொருவர் எழுதுவதற்காக வைத்த குழுவில் எல்லாரும் ஓர் இயந்திரத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் செய்தது, சில பொருள்களைக் கிளியிடமிருந்து எடுத்துவிட்டது. கோயில் வழக்கம், சமையல், உறவுமுறை, ஊர்க் கதை ஆகியவற்றுக்கு அது விடை சொல்லாது. ‘இதைக் கேட்கலாம்’ என்று முன்வந்த உறுப்பினர்களின் பெயர்களைப் பொருள் வாரியாக ஒரு பட்டியலாக வைத்தேன். 11 பொருள்கள், 9 பேர். அத்தை விரதத்துக்கும் பால் குடத்துக்கும் பெயர் கொடுத்தார். கிளி இப்போது, ‘இந்த இயந்திரம் இதற்கு விடை சொல்லாது, இவரைக் கேட்கலாம்’ என்று அவர் பெயரைச் சொல்லி நின்றுவிடும். எழுதுவது சிரமம் என்றால் குரல் பதிவாக அனுப்பலாம் என்றும் சேர்த்தேன். புயல் எச்சரிக்கையையும் இதே வகையில் வைத்தேன்: எத்தனையாம் வகுப்பு எச்சரிக்கை என்று யார் கேட்டாலும் வாக்குவா வானிலை நிலையத்தின் அறிக்கையைப் பார்க்கச் சொல்லும், தன் சொல்லில் ஒரு வார்த்தையும் சேர்க்காது. பட்டியலில் ஒரு பிழை இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியரை ஒரே வாரத்தில் 14 முறை கைகாட்டிவிட்டது, அவர் களைத்துப்போனார். ஒருவரை வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் கைகாட்டக் கூடாது என்று வரம்பு வைத்தேன்.

காத்திருக்க வைத்தல்

இலக்கணமும் சொற்பொருளும் கிளியிடமே இருந்தன. ஆனால் விடையைத் தாமதப்படுத்த வேண்டும். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மார்ச்சில் 10 நிமிடம் வைத்தேன்: 88 கேள்விகள், மனித விடை 19. ஏப்ரலில் 2 மணி நேரம்: 70 கேள்விகள், 33. மே மாதம் 6 மணி நேரம்: 66 கேள்விகள், 49. எங்கள் குழுவினர் தொலைபேசியைப் பார்ப்பது மதிய உணவு வேளையிலும் மாலைப் பேருந்திலும்தான். பத்து நிமிடத்திலும் இரண்டு மணி நேரத்திலும் அந்த வேளைகளில் ஒன்றுகூட வராமல் போகலாம். ஆறு மணி நேரத்தில் பெரும்பாலும் ஒன்றாவது வந்துவிடுகிறது. இரவு எட்டுக்குப் பிறகு வந்த கேள்விக்கு மறுநாள் பிற்பகல் ஒன்று வரை காத்திருக்கும். தனி உரையாடலில் தாமதம் கிடையாது. அங்கே மனிதரிடம் கேட்கக் கூசுகிறவர்கள் பயிற்சி செய்கிறார்கள். அவர்களை நிறுத்தி வைப்பதில் யாருக்கும் பயனில்லை.

தாமதத்தை நிரலில் எழுதுவது நான் எண்ணியதைவிடச் சிக்கலாக இருந்தது. முதலில் கடிகாரங்களை நினைவகத்தில் வைத்திருந்தேன். மடிக்கணினியை ஒரு முறை அணைத்தவுடன் காத்திருந்தவை எல்லாம் மறைந்தன. அனுப்ப வேண்டிய நேரத்தைத் தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசையாக எழுதி, நிமிடத்துக்கு ஒரு முறை பார்ப்பதே எளிய வழி. பிறகு எங்கள் தெருவில் 31 மணி நேரம் மின்சாரம் போனது. யூபிஎஸ் மூன்று மணி நேரம்தான் தாங்கியது. டெலிகிராம் பெறப்படாத செய்திகளை 24 மணி நேரம் மட்டுமே வைத்திருக்கும். மின்சாரம் வந்ததும், காத்திருந்த அத்தனைக்கும் கிளி விடியற்காலை மூன்று மணிக்கு வரிசையாக விடை எழுதித் தொலைபேசிகளை ஒலிக்க வைத்தது. இப்போது இயங்கத் தொடங்கும்போது, அனுப்ப வேண்டிய நேரம் கடந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனவற்றை அது விட்டுவிடுகிறது.

ஒரு கேள்விக்கு மனித விடை வந்துவிட்டதா என்று அறிவதுதான் கடினம். இளையவர்கள் மறுமொழி வசதியைப் பயன்படுத்துகிறார்கள். பெரியவர்கள் கீழே நேரடியாக எழுதிவிடுகிறார்கள். அடுத்த கால் மணி நேரத்தில் யார் எழுதியதையும் விடையாகக் கொள்ளலாம் என்று முயன்றேன்; ‘காலை வணக்கம்’ எல்லாம் விடையாயிற்று. கேள்வியைக் கண்டுபிடிப்பதிலும் இதே தொல்லை. கேள்விக்குறி போடுபவர் குறைவு. கிரியோலில் ‘கி’, ‘கூமா’ என்று தொடங்குவார்கள். தமிழை உரோமன் எழுத்தில் எழுதும்போது உகரத்துக்குப் பிரெஞ்சு வழக்கப்படி ‘ou’ என்ற இரண்டு எழுத்தையும் போடுவார்கள். தமிழ்நாட்டு வழக்கை நம்பி எழுதப்பட்ட ஒலிபெயர்ப்பு நிரல் அதனால் முருகனையே படிக்கத் தெரியாமல் நின்றது. அந்த இணைக்கு ஒரு விதி சேர்த்ததும் பாதித் தவறு போயிற்று.

கடைசியில், ஊகிப்பதை விட்டுவிட்டுக் கேட்டவரையே கேட்பது என்று முடிவு செய்தேன். அரை மணி நேரம் முன்னதாகத் தனிச் செய்தியில் இரண்டு பொத்தான்கள். பொத்தானை அழுத்தியதும் எந்தக் கேள்வி என்று தெரிய, கேள்வியின் முதல் சொற்களையும் தேர்வையும் பொத்தானுக்குள் பொதிந்து வைத்தேன். சில கேள்விகளுக்குப் பொத்தான் வந்தது, சிலவற்றுக்குப் பிழை. ஒரு சனிக்கிழமை முழுவதும் தேடினேன். அந்தப் பொதிக்கு டெலிகிராம் தரும் இடம் 64 பைட். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ‘கிடைத்துவிட்டது’ என்ற சொல் மட்டும் 15 குறியீடு, 45 பைட். தமிழில் பொத்தான் வைக்கும் எவரும் உள்ளே எண்ணை மட்டும் வைத்துவிட்டு, உரையைத் தரவுத்தளத்தில் தேடிக்கொள்ள வேண்டும். இன்னொன்று: முதலில் அவரே ‘ஸ்டார்ட்’ அழுத்தியிருந்தால் ஒழிய ஒருவருக்குப் பாட் தனிச் செய்தி அனுப்ப முடியாது. புதன்கிழமை வகுப்பில் எல்லார் தொலைபேசியிலும் அதை அழுத்த வைத்தேன்.

இந்தத் தாமதம் நான் எதிர்பாராத ஒன்றையும் தந்தது. அனுப்பப்படாத விடைகளை மதியம் கடையில் உட்கார்ந்து படித்துப் பார்க்க எனக்கு நேரம் கிடைக்கிறது. மே மாதம் மனித விடை கிடைக்காத 17 கேள்விகளுக்குக் கிளியின் விடைகள் போயின. அவற்றில் நான்கை, அவை போவதற்கு முன் நானே திருத்தினேன்.

இடையில் வினாடி வினா நடத்த இரண்டாவது பாத்திரம் ஒன்றையும் சேர்த்தேன். அது கேட்ட கேள்விக்குக் கிளி விடை சொல்ல, அதைப் பாராட்டி அது அடுத்த கேள்வி கேட்க, ஓர் இரவில் 40 செய்திகள் போயின. இரண்டும் ஒரே நிரலுக்குள் இருந்தன. இயந்திரம் எழுதியதற்கு இயந்திரம் மறுமொழி எழுதக் கூடாது, குழுவில் ஒரு நாளைக்கு ஆறு செய்திக்கு மேல் கூடாது என்ற இரண்டு வரியை எல்லாவற்றுக்கும் மேலே எழுதிவிட்டு, வினாடி வினாவை வகுப்பிலுள்ள ஒரு மாணவியிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைச் சிறப்பாக நடத்துகிறார்.

மறுபடி செய்தால்

நிரல் ஒரு வரி எழுதுவதற்கு முன்பு ஒரு மாதம் மனித விடைகளைக் கையால் எண்ணுவேன். ஜூலை எண்ணிக்கை பழைய செய்திகள் அழியாமல் இருந்ததால் மட்டுமே எனக்குக் கிடைத்தது. கேட்கத் தக்கவர்களின் பட்டியலை முதல் நாளே வைப்பேன். வராமல் போன ஏழு பேரில் இருவரை மட்டுமே திரும்ப அழைத்து வர முடிந்தது. அவர்களுக்காக இடத்தை மாற்றாமல் எப்படிச் செய்யலாம் என்று பார்ப்பேன். கடவுச்சொற்கள் இப்போது என்னிடம் மட்டுமே இருப்பதும் தவறு. அந்த மாணவிக்கு நிரலைச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஆகஸ்டுக்குள் இரண்டாவது சாவி அவரிடம் இருக்கும்.

தாத்தா இந்த ஆண்டுக் கோவிந்தன் பூசைக்குக் குழுவில் அனைவரையும் அழைத்திருக்கிறார். எத்தனை இலை வேண்டும் என்று எண்ணும் வேலையை மட்டும் கிளியிடம் கொடுக்கச் சொன்னார். ‘வருகிறேன்’, ‘வர இயலாது’ என்று இரண்டு பொத்தான். உள்ளே எண் மட்டும். அந்தப் பகுதியை இந்த வாரம் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.